சதுரங்கப்பட்டினத்தில் ஒரு காலை உலா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற பருவத்தில் ஒரு நாள் ஆங்கிலப் பாடவேளை. ஐரோப்பாவில் பழைய நகரம் ஒன்றில் விடியற்காலையில் உலாவியவர் எழுதிய பயணக் கட்டுரையைப் பேராசிரியர் வாசித்துக் காட்டினார். கல் பாவிய தெரு, கோட்டை வாயில், வணிகர்களின் பண்டகசாலை, மணிக்கூண்டு, பாசி படர்ந்த கல்லறைகள் என்று ஒவ்வொன்றாய் வந்தன. வாசித்து முடித்ததும், "உங்களில் யாராவது இப்படியொரு நகரத்தைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் திருக்கழுக்குன்றம் வழியாக ஊருக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். கோட்டை வாயில், பண்டகசாலை, கல்லறை மூன்றும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சிறு வயதில் அங்கே நான் ஆடு ஓட்டியிருக்கிறேன். ஐரோப்பாவைப் பார்க்கக் கடவுச்சீட்டு வேண்டும் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். செங்கற்பட்டிலிருந்து பேருந்துச் சீட்டு வாங்கினால் போதும் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது! அன்று வாய் திறவாத குறையைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரை.

ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையத்தையே யாரும் நினைப்பர். அந்தக் கல்பாக்கம் நகரியத்தை ஒட்டியே இது இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் ராசநாராயணனின் பெயரால் ராசநாராயணன் பட்டினம் என வழங்கியது. சதுரங்கம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது அக்கதைகள் இன்னும் இரண்டு கூடிவிட்டன. வெள்ளைக்காரர் வாயில் இப்பெயர் 'சத்ராஸ்' என்று சுருங்கிப்போயிற்று. பழைய கடல் வரைபடங்களில் இருப்பது அந்தச் சத்ராசுதான்.

இங்கு வந்து கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். நம் முன்னோர் இவர்களை ஒல்லாந்தர் என்றும் உலாந்தாக்காரர் என்றும் அழைத்தனர். 1602இல் ஆம்ஸ்டர்டாம், டெல்ப்ட், மிடில்பர்க், ராட்டர்டாம், ஹூர்ன், என்க்ஹைசன் ஆகிய ஆறு நகரங்களின் வணிகர் ஒன்றுகூடி ஒரு கம்பெனி தொடங்கினர். அந்தக் கம்பெனி சோழமண்டலக் கரையில் தன் தலைமையிடத்தை முதலில் பழவேற்காட்டில் வைத்தது. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றியது. இவ்விரண்டுக்கும் இடையில் இருந்த சிறு கொத்தளமே எங்கள் ஊர். அந்தக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்ததில்லை. அதனாலேயோ என்னவோ பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாத்தாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் எழுபது வயதைக் கடந்த மீனவர். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். "அந்தப் பாழுங்கோட்டையில என்னடா பாக்கப் போறே?" என்று முணுமுணுத்தாலும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.

கோட்டை செங்கல்லால் ஆனது. வாயிலில் பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய வெற்றுவெளியும் அதைச் சுற்றி இடிந்த சுவர்களும் கண்ணில் படும். தஞ்சையையும் செஞ்சியையும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். அரசன் அமர்ந்த கோட்டை அன்று இது. கணக்கன் அமர்ந்த கோட்டை. அப்படி எண்ணிக்கொண்டு பார்த்தால்தான் இதன் அருமை புலப்படும். இங்கே காக்கப்பட்ட பொக்கிஷம் துணி மூட்டைகள்.

துணிக்காகவா இவ்வளவு பெரிய சுவர் என்று கேட்கலாம். டச்சுக்காரர்களுக்கு வேண்டியது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்தது சாவா, மொலுக்காஸ் முதலிய கிழக்குத் தீவுகளில். அத்தீவு மக்கள் ஐரோப்பியக் கம்பளியை வாங்க விரும்பவில்லை. அந்த வெயிலில் கம்பளியை என்ன செய்வார்கள்? அவர்கள் ஆசையோடு கேட்டது நம் கரையில் நெய்த பருத்தித் துணி. ஆகவே டச்சுக்காரர் பொன்னும் வெள்ளியும் சப்பானியச் செம்பும் கொண்டுவந்து இங்கே துணி வாங்கினர். துணியைத் தீவுகளில் கொடுத்து மணப்பொருள் வாங்கினர். மணப்பொருளை ஆம்ஸ்டர்டாமில் விற்றனர். சதுரங்கப்பட்டினத்தில் இருந்து போனது பெரும்பாலும் நேர்த்தியான மஸ்லின் துணி. இக்கரையின் பூவேலைச் சீட்டித் துணியோ டச்சு நாட்டுக்கே சென்று 'சிட்ஸ்' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. அந்நாட்டில் ஹிண்டலோப்பன் என்னும் சிற்றூர்ப் பெண்களின் மரபு உடையில் இந்தச் சீட்டிக்கு இன்றும் இடமுண்டு.

சீட்டியின் சிவப்பு எப்படி வந்தது என்பதை வேதியியல் நண்பர்கள் கேட்டால் மகிழ்வார்கள். கடற்கரை மணலில் வளரும் இம்பூறல் செடியின் வேரே சாயவேர். அதிலுள்ள அலிசரின் என்னும் பொருள் தானாகப் பருத்தியில் நன்றாக ஒட்டாது. முதலில் துணியைப் படிகாரத்தில் நனைப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஐரோப்பியர் வியந்ததே இதைக் கண்டுதான்.

இனிப் பண்டகசாலைக்கு வருவோம். கோட்டையில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். நீண்ட அறை, கூரை பீப்பாயை நெடுக வெட்டிக் கவிழ்த்தாற்போல் வளைந்திருக்கிறது. மரமில்லை, இரும்பில்லை, வெறும் செங்கல். அது எப்படி விழாமல் நிற்கிறது? செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தட்டையான கூரையாக இருந்தால் நடுப்பகுதி தொய்ந்து, அடிப்புறம் இழுபட்டுப் பிளந்துவிடும். வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் தன் அண்டைச் செங்கல்லைத் தள்ளுகிறது. எடை முழுவதும் தள்ளுவிசையாகவே மாறிப் பக்கச் சுவர்களுக்கு இறங்குகிறது. ஆனால் அந்த விசை சுவரைக் கீழே அழுத்துவதோடு வெளிப்பக்கமாகவும் தள்ளும். அதனால்தான் சுவர் இவ்வளவு பருமன். பீரங்கிக் குண்டுக்கு அஞ்சிப் பருமனாகக் கட்டினார்கள் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். இங்கே கூரைக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது!

செங்கற்களைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். நீர் தெளித்தால் புகைந்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துப் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே இறுகிவிடும். கடலில் இருந்து வந்தது சுவரில் போய் மறுபடி கல்லாகிறது.

சுவரின் கீழ்ப்பகுதியில் கையை வைத்தால் செங்கல் மாவாக உதிர்கிறது. "உப்பு அரிச்சிடுச்சு" என்றார் தாத்தா. உண்மைதான், ஆனால் உப்பு அரிப்பது அமிலம் அரிப்பதைப் போன்றதன்று. கடற்காற்றிலும் நிலத்தடி ஈரத்திலும் கரைந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. வெயில் ஏறியதும் நீர் ஆவியாகி, உப்பு படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளுகிறது. இரவில் ஈரம், பகலில் படிகம் என்று இது நாள்தோறும் நடக்கும். நூற்றாண்டுக் கணக்கில் நடந்தால் எந்தச் செங்கல்தான் தாங்கும்? இதற்குச் சிமெண்டைப் பூசி அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பழைய செங்கல் வழியே போய் அதைத் தின்னும். பழுது பார்க்கும்போது தொல்லியல் வல்லுநர்கள் சுண்ணாம்பையே கேட்பது பழமைப் பற்றினால் மட்டுமன்று.

கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழ்ந்து பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகளும் களிமண் புகைக்குழல்களும் கிடைத்தன. யானை ஏறும் மேடை என்று ஒரு சரிவைக் காட்டுவார்கள். சுரங்கப்பாதை ஒன்று மாமல்லபுரம் வரை போகிறது என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்களின் உறுதியான நம்பிக்கை. நானும் நம்பியவனே. ஆனால் இங்கே மணலைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறுகிறது. அந்த மணலில் மாமல்லபுரம் வரை சுரங்கம் வெட்டுவது எந்த உலாந்தாக்காரனாலும் ஆகாத காரியம். தண்ணீர் வழிந்தோட அமைத்த வாய்க்கால்தான் பிள்ளைகள் வாயில் சுரங்கமாகிவிட்டது போலும்.

கல்லறைத் தோட்டம் கோட்டைக்குள்ளேயே தனிச் சுவருக்குள் இருக்கிறது. காவலரிடம் கேட்டதும் திறந்துவிட்டார். 17, 18ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் இங்கே உறங்குகிறார்கள். பெரிய பெரிய கற்பலகைகள். அவற்றில் குலச்சின்னங்களும் பூக்கொடிகளும். 1897இல் அலெக்சாண்டர் ரே என்னும் தொல்லியல் அறிஞர் சென்னை மாகாணத்து டச்சு நினைவுச் சின்னங்களைப் பற்றி எழுதிய நூலில் இவற்றுக்கு இடம் தந்திருக்கிறார்.

இக்கற்களின் எழுத்துக்களைத் தடவிப் பார்க்க வேண்டும். நம் கோயில் கல்வெட்டுகளில் எழுத்து கல்லுக்குள் பள்ளமாக இருக்கும். இங்கே எழுத்து மேலெழும்பி நிற்கிறது. எழுத்து மேலெழும்ப வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள கல் முழுவதையும் செதுக்கி இறக்க வேண்டும். உளி ஒருமுறை தவறினால் எழுத்து போய்விடும், ஒட்டவைக்க வழியில்லை. மாமல்லபுரத்துக்கு இவ்வளவு அருகில் இந்த வேலையைச் செய்தவர்கள் நம் பக்கத்துச் சிற்பிகளாகவே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்த மொழியும் தெரியாது, அந்த எழுத்தும் தெரியாது. வரைந்து கொடுத்ததைப் பார்த்து, ஒரு கோணல் இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள்.

தாத்தா ஒரு கல்லின் அருகில் குந்திக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு, படி" என்றார். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேரன் எதையும் படித்துவிடுவான் என்பது அவர் எண்ணம். எனக்கு டச்சு தெரியாது. ஆனாலும் எழுத்து ஆங்கில எழுத்துத்தானே! கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்' என்பதுதான் டச்சுக் கல்லறைகளில் வழக்கமாக வரும் தொடக்கம் என்று முன்பே படித்து வைத்திருந்ததால் மானம் தப்பியது. பிறகு பெயர், பதவி, பிறந்த நாள், இறந்த நாள்.

"இது செத்தவன் பேரு. சரி. கல்லு வெட்டினவன் பேரு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"அது இல்ல தாத்தா" என்றேன். அவர் துண்டால் கல்லின் மேலிருந்த சருகைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

நெய்தவர்களின் கதையும் அதுவே. கம்பெனி நேரடியாக நெசவாளரிடம் வாங்கவில்லை. உள்ளூர்ப் பெருவணிகரிடம் முன்பணம் கொடுக்கும். அவர் தரகர் மூலம் தறிக்காரருக்குக் கொடுப்பார். முன்பணம் வாங்கிய தறி அந்தத் துணி முடியும்வரை பிணை வைத்ததுபோல. மாதிரிக்குக் குறைந்த துணியைக் கம்பெனிக்காரர் தள்ளிவிடுவர். நட்டம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மழை பொய்த்தால் பஞ்சும் அரிசியும் ஒன்றாக விலை ஏறும். பஞ்ச காலங்களில் இதைவிடக் கொடிய வணிகமும் நடந்தது. 1659 முதல் 1661 வரை போரினாலும் பஞ்சத்தினாலும் தஞ்சைப் பகுதி சீரழிந்தபோது, வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட மக்களை இதே கம்பெனி விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றியது. பூவேலை செய்த கல்லறைகளின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லா டச்சுக்காரரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர். யாக்கோப் ஹாப்னர் என்பவர் 1770களின் இறுதியில் இதே கோட்டையில் கணக்கராக இருந்தார். 1754இல் செருமனியில் பிறந்தவர். சிறுவனாகவே கப்பலேறித் தந்தையைப் பறிகொடுத்தவர். நம் நாட்டு மொழிகளைக் கற்று, மக்களோடு பழகினார். 1781இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றியபோது சிறைப்பட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஐதர் அலியின் போரால் சென்னையில் பஞ்சம் தலைவிரித்தாடியதைக் கண்ணால் கண்டு எழுதினார். ஊர் திரும்பிய பின் வெளியிட்ட பயண நூல்களில் ஐரோப்பியரின் கொடுமையை ஒளிக்காமல் கடிந்தார். அந்நாளில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். இராமாயணத்தையும் ஓரளவு டச்சு மொழியில் ஆக்கினார். அது 1809இல் அவர் இறந்தபின் அச்சேறியது. ஆடல் மங்கை ஒருத்தியிடம் அவர் கொண்ட காதலும் அந்நூல்களில் உண்டு. ஆண்டு மலரில் அதை விரித்தெழுதினால் ஆசிரியர் குழு வெட்டிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கோட்டையை விட்டுக் கடற்கரைக்கு வந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துறைமுகம் எங்கே என்று தேடினால் காணமுடியாது. இங்கே துறைமுகம் இருந்ததேயில்லை. கப்பல்கள் வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். துணி மூட்டைகளை அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மசூலாப் படவுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படவு அது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். கரைவலைக்குப் போகும் தையல் படவைத் தன் சிறுவயதில் கண்டவர் தாத்தா. "அலை அடிச்சா அது மூச்சு விடுற மாதிரி உப்பி அமுங்கும்டா" என்றார். முதலாண்டில் கணத்தாக்கு விசை படித்தோமே, அதுதான் இது. உந்தத்தின் மாற்றம் அதேதான். படவு வளைந்து கொடுப்பதால் மோதும் நேரம் நீளுகிறது. நேரம் நீண்டால் விசை குறைகிறது. அந்த வாய்பாட்டை நான் தேர்வுக்காக உருப்போட்டேன். இவர்கள் அதைக் கயிறு போட்டுத் தைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடலில்தான் 1782 பிப்ரவரி 17இல் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சுப்ரனும் மோதினர். ஐரோப்பிய வரலாற்று நூல்களில் 'சத்ராஸ் போர்' என்றே பெயர். இருவரும் அடுத்த ஆண்டுக்குள் ஐந்து முறை மோதிக்கொண்டதில் இதுவே முதலாவது. வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. ஆனால் சுப்ரன் அதன்பின் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கி ஐதர் அலிக்குத் துணை சேர்த்தார். இரண்டு அயல்நாட்டார் மூன்றாவது அயல்நாட்டார் பெயர் வைத்த ஊருக்கு முன்னால் சண்டையிட்டதைக் கரையில் நின்று எங்கள் குப்பத்தார் பார்த்திருக்கக்கூடும்.

பிறகு ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. டச்சுக்காரருக்குத் திரும்பியது, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்தனர், 1818இல் திருப்பித் தந்தனர். 1824இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில், இந்தியாவிலிருந்த தம் இடங்களையெல்லாம் டச்சுக்காரர் விட்டுக்கொடுத்து, சுமத்ராவிலிருந்த பெங்கூலனைப் பெற்றுக்கொண்டனர். அதன்படி 1825இல் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. எங்கள் ஊரைக் கேட்டு ஒருவரும் எதையும் செய்யவில்லை.

போனவர்கள் முழுவதுமாகப் போய்விடவில்லை. 'கையில துட்டு இல்ல' என்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரரின் 'டொய்ட்' என்னும் செப்புக் காசு. கக்கூசும் அவர்கள் கொடைதான். இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும், மேசை இழுப்பறையை லாச்சி என்பதும் அவ்வாறே. பிரெஞ்சு நகரம் என்று நாம் பார்த்துப் பூரிக்கும் புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களுக்கும், 1693 முதல் 1699 வரை அவ்வூரை வைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டமே அடிப்படை.

கடற்கரை மணலில் உட்கார்ந்தபோது தாத்தா ஓரிடத்தைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 காலையில் அவருடைய படகு அங்கேதான் கட்டியிருந்ததாம். அதற்கடுத்த ஆண்டு பிறந்தவன் நான். அந்தப் படகை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதும் இல்லை. அவர் காட்டிய இடத்தில் இப்போது யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள்.

பார்க்க வர விரும்பும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். செங்கற்பட்டிலிருந்து வரும்போது திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பல்லவர் குடைந்த அக்குடைவரையில் 17ஆம் நூற்றாண்டில் உல்லாசப் பயணம் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் வகுப்பு மேசைகளில் பெயர் செதுக்கும் நண்பர்கள் இதைக் கேட்டுப் பெருமைப்பட வேண்டாம். கோட்டைக்குள் நிழல் குறைவு. குடிநீர் கையோடு கொண்டுவருவது நல்லது. பத்து மணிக்குமேல் செங்கல் சுடத் தொடங்கிவிடும். கல்லறைக் கதவு பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். எங்கள் தாத்தா பெரும்பாலும் காலையில் வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில்தான் இருப்பார். இப்போதெல்லாம் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்லைக் காட்டுகிறார். சுரங்கம் மாமல்லபுரம் வரை போகிறது என்றுதான் இன்னமும் சொல்கிறார்.